விலக்கிய முரசும் விதித்த பறையும்
(கலை, அரசியல் உறவு பற்றி அளவெட்டியை முன்வைத்து ஒரு நோக்கு)

1739ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், வட அமெரிக்காவின் தென் கரோலினாக் குடியேற்றத்தில், ஸ்டோனோ ஆற்றை அண்டிய பகுதியிற் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் முரசு முழக்கியவாறு அணிவகுத்துச் சென்றனர். கிளர்ச்சி விரைவில் அடக்கப்பட்டது. மறு ஆண்டு, அதாவது 1740இல், அக்குடியேற்றத்தின் சட்டமன்றம் இயற்றிய அடிமைச் சட்டம் முரசு, கொம்பு முதலிய உரத்த ஒலிக்கருவிகளை அடிமைகள் வைத்திருத்தலையும் முழக்குதலையும் தடைசெய்தது. தோற்கருவி ஒன்றின் ஓசை ஓர் அரசுக்கு அச்சந் தருவதாயிற்று என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேறு வேண்டுவதில்லை.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீக்கப்பட்டது 1844இலேயே. ஆயின் யாழ்ப்பாணத்தில் அரசு அவ்வாறு பறையைத் தடைசெய்ததாகத் தெரியவில்லை. மாறாக, பறை முழங்கியே ஆகவேண்டும் என்பது விதியாயிருந்தது. உயர்ந்தோர் எனப்பட்டோர் வீட்டுச் சாவில் பறை முழக்குதல் ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட குடிமைத் தொழிலாகும். அங்கே ஆண்டான் முரசைப் பறித்தான்; இங்கே ஆண்டான் பறையைக் கழுத்தில் மாட்டினான். கறுப்பின மக்களின் கலையும் அரசியலும் பற்றி எழுந்த பெரும் வாதங்களைத் தமிழ்ச் சூழலில் வைத்து நோக்க முற்படுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இவ்வேறுபாட்டையே. இதனை மறந்து செய்யப்படும் ஒப்பீடுகள் வெறும் உவமையாகவே முடிந்துபோகும்.

இவ்வகை நோக்கிற்கு அளவெட்டி என்னும் ஊர் ஏற்ற களமாகும். வலிகாமத்தில், மல்லாகத்துக்கும் தெல்லிப்பழைக்கும் அயலில், தோட்டங்களும் கோயில்களும் செறிந்த இவ்வூர் கும்பழாவளைப் பிள்ளையாராலும் அருணோதயக் கல்லூரியாலும் அறியப்பட்டது. அவற்றினும் மேலாக அது நாதசுரத்தாலும் தவிலாலும் பெயர் பெற்றது. நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதன் (1931–2003) தம் பெயருக்கு முன் ஊர்ப்பெயரைத் தாங்கியே ஈழமெங்கும் அறியப்பட்டார். இணுவிலிற் பிறந்து அளவெட்டியை வாழிடமாகக் கொண்ட தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்தின் முன்னணி நாதசுரக் கலைஞர்களும் நாடி அழைத்த வாசிப்பினர். இதே ஊர் இருபதாம் நூற்றாண்டின் ஈழத்துக் கவிதைக்கு அ. ந. கந்தசாமியையும் (1924–1968) மஹாகவி எனப் புனைபெயர் பூண்ட து. உருத்திரமூர்த்தியையும் (1927–1971) தந்தது. தோலும் துளையும் ஒரு புறமும் எழுத்து மறு புறமுமாக, கலை யாருக்கு ஊழியஞ் செய்வது என்னும் வினா இவ்வூரின் இரு மரபுகளிலும் ஒலிப்பதைக் காணலாம்.

நாதசுரமும் தவிலும் 'பெரிய மேளம்' எனப்பட்டன. அவை கோயிலுக்கும் மங்கலத்துக்கும் உரியவை. பறையோ சாவுக்கு உரியதாக்கப்பட்டது. தவிலும் பறையும் தோலை இழுத்துக் கட்டிய கருவிகளே. இரண்டிலும் கைத்திறனும் கணக்கும் உண்டு. எனினும் ஒன்று 'கலை' என்றும் மற்றையது 'தொழில்' என்றும் பெயர் பெற்றன. இப்பாகுபாடு ஓசையிலிருந்து பிறந்ததன்று. யார் முழக்கினார், எவ்விடத்து முழக்கினார் என்பதிலிருந்தே பிறந்தது. கலையின் உள்ளடக்கத்தில் அரசியல் உண்டா இல்லையா என்று நெடுங்காலம் வாதிட்ட விமரிசகர்கள், எதனைக் கலையென அழைப்பது என்ற முதல் முடிவிலேயே அரசியல் புகுந்துவிட்டமையை அவ்வளவாகக் கவனித்தாரில்லை.

மங்கலக் கருவியை வாசித்தவர்களின் நிலையும் மேலானதாக இருந்ததென்று கொள்ளுதல் தவறு. மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியோர் முன் நின்றபடியே வாசித்தல் வேண்டும் என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நாதசுரக்காரரைப் பிணித்த வழக்கம். நள்ளிரவுவரை வீதியில் நின்று இராகம் பொழிந்தவர்க்கு இருக்கை தர மனம் வராத சபைகள் பல. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) குடுமியை நீக்கி, கோட்டும் சப்பாத்தும் அணிந்து, மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என நின்றமை சிலருக்குச் செருக்காகத் தோன்றிற்று. அதனைச் செருக்கென்பது பொருந்தாது. வாய்ப்பாட்டுக்காரர்க்குக் கேளாமலே கிடைத்த மதிப்பை நாதசுரக்காரர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது, அவ்வளவே. அவர் எந்த அரசியல் மேடையிலும் ஏறாமலே ஓர் அரசியலைச் செய்தார் எனலாம்.

அமெரிக்காவில் இதனோடு வைத்து எண்ணத்தக்கவர் எக்காள இசைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங். வெள்ளையர் மகிழச் சிரித்து வாசிப்பவர் என்று கறுப்பின இளைஞர் சிலரால் இகழப்பட்டவர் அவர். 1957இல் ஆர்க்கன்சோ மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில் கறுப்பின மாணவர் பாடசாலை புகுவதைத் தடுத்தபோது, ஜனாதிபதி ஐசனோவரை வெளிப்படையாகக் கண்டித்து, அரசின் சார்பில் மேற்கொள்ளவிருந்த சோவியத் பயணத்தையும் அவர் கைவிட்டார். வாசிப்பவர் வாசிக்க மறுக்கும் கணத்தில் அவருடைய கலையின் அரசியல் யாவர்க்கும் புலனாகின்றது. இம்மறுப்பு என்னும் செயலை யாழ்ப்பாணம் வேறொரு வகையிற் கண்டது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

எழுத்து மரபுக்கு வருவோமாயின், 1926ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டில் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் தாம் நடத்திய 'கிரைசிஸ்' இதழில், கலை யாவும் பிரசாரமே என்றும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்றும் எழுதினார். அதே ஆண்டில் இளங்கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 'நேஷன்' இதழில் வேறொரு கோணத்தில் வாதிட்டார். தன்னைக் கறுப்பினக் கவிஞன் என்னாது கவிஞன் என்றே அழைக்க வேண்டும் என விரும்பியவனின் உள்ளத்தில் வெள்ளையனாகும் விருப்பம் மறைந்துள்ளது என்றும், தன் மக்களின் அழகையும் அழகின்மையையும் அஞ்சாது எழுதுவதே கலைஞன் கடன் என்றும் அவர் கூறினார். ஒருவர் கலையின் பயனை வற்புறுத்தினார். மற்றவர் கலைஞனின் துணிவை வற்புறுத்தினார். கறுப்பினக் கலை பற்றிப் பின்னெழுந்த வாதங்கள் பெரும்பாலும் இவ்விரு நிலைகளுக்கிடையே ஊசலாடியவையே. அளவெட்டி தந்த இரு கவிஞரும் தம்மையறியாமலே இவ்விரு நிலைகளிலும் நின்றனர் என்பது வியப்புக்குரியது.

அ. ந. கந்தசாமி முதல் நிலைக்கு உரியவர். 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராகவும், 1940களின் நடுவில் முற்போக்கு எழுத்தாளர்களை ஒருங்கிணைக்க முயன்றோருள் ஒருவராகவும் விளங்கியவர். பத்திரிகையாளர், இடதுசாரி, 'மதமாற்றம்' நாடகத்தின் ஆசிரியர். அவர் இளமையிலேயே ஈழத்துத் தமிழ்க் கவிதையின் போக்கில் ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். 1944இல் யாழ்ப்பாண நகரின் வில்லூன்றி மயானத்தில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தோர் தம்மவர் ஒருவரின் பிணத்தை எரிக்க முற்பட்டபோது, ஆதிக்க சாதியார் சுட்டதில் முதலி சின்னத்தம்பி என்பவர் உயிரிழந்தார். சாம்பலுக்கும் சாதி கற்பித்த இந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு கந்தசாமி பாடிய கவிதை 'வில்லூன்றி மயானம்'. யாழ்ப்பாணத்தின் சாதிக் கொடுமையைக் குறித்த ஒரு நிகழ்வில் வைத்து, இடத்தின் பெயரையே தலைப்பாக்கிப் பாடிய முன்னோடிக் கவிதைகளுள் அது முதன்மையானது.

அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1939இல், கறுப்பினப் பாடகி பில்லி ஹொலிடே நியூ யோர்க் நகரில் ஒரு பாடலைப் பாடினார். மரத்திலே தூக்கிக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் உடல்களைக் கனிகளாக உருவகித்த அப்பாடலை எழுதியவர் ஏபல் மிரோபோல் என்னும் யூத ஆசிரியர். அவர் வழக்கமாக ஒலிப்பதிவு செய்த பெரிய நிறுவனம் அதனைப் பதிவுசெய்ய மறுத்தமையால் சிறிய நிறுவனம் ஒன்றே அதனை வெளியிட்டது. கொலை செய்யப்பட்ட உடலைக் கலையின் நடுவே கொண்டுவந்து வைத்தலே இரண்டிற்கும் பொதுவானது. ஆயினும் ஒரு வேறுபாடும் உண்டு. பில்லி ஹொலிடேயின் குரல் தனக்கே உரிய ஓர் இசைமரபின் வழிவந்தது. அடிமைகளின் பக்திப் பாடல்களிலும் புளூஸ் இசையிலும் திரண்ட துயரம் அதனுட் கலந்திருந்தது. வில்லூன்றியைப் பாட வந்த கவிஞருக்கோ கிடைத்தது புலவர் வழிவந்த யாப்பு. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் பேசுவது ஒரே மொழி. வணங்குவது ஒரே கடவுள். தோலின் நிறமும் ஒன்றே. சாதியை நிறவெறியோடு ஒப்பிடுவோர் இவ்விடத்தில் நின்று நிதானித்தல் வேண்டும். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தமக்கெனத் தனி அழகியலை நாடியபோது அதற்குரிய ஓசைகள் முன்னமே இருந்தன. யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்டோருக்கு உரித்தாயிருந்த ஓசையோ அடிமைத்தனத்தின் அடையாளமாகவே செவியில் விழுந்தது.

மஹாகவியின் வழி வேறு. அவர் கட்சி சார்ந்தவரல்லர். அரசாங்க நிருவாக சேவையில் இருந்தவர். முற்போக்கு விமரிசகர்கள் அவருக்கு உரிய இடத்தை அளிக்கவில்லை என்பதை எம். ஏ. நுஃமான் முதலியோர் பின்னர் வற்புறுத்திக் கூறினர். கோட்பாட்டை நேரடியாக உரைக்காத கவிஞரைச் சமூகப் பார்வை அற்றவர் எனக் கணிக்கும் அவசரம் 1960களின் விமரிசனத்தில் இருந்தது. இதே குறைபாட்டை மறுபுறமிருந்து சுட்டியவர் ஜேம்ஸ் போல்ட்வின். எதிர்ப்பு நாவல்கள் கறுப்பின மனிதனை மனிதனாகக் காட்டாது ஒரு பிரச்சினையாகவே சுருக்கிவிடுகின்றன என 1949இல் எழுதிய கட்டுரையில் அவர் சாடினார். தமக்கு வழிகாட்டியான ரிச்சட் ரைட்டையும் அதில் விட்டுவைக்கவில்லை. மஹாகவி இவ்வகைக் கட்டுரை எதனையும் எழுதி வாதிடவில்லை. தம் கவிதைகளையே விடையாகத் தந்தார்.

1968இல் வெளிவந்த 'கண்மணியாள் காதை' சாதி வேலியைக் கடந்த காதலையும் அதற்கு நேர்ந்த முடிவையும் வில்லுப்பாட்டு வடிவிற் கூறுவது. லடீஸ் வீரமணி அதனை மேடைகளில் நிகழ்த்தினார். படித்தோர் ஏட்டில் மட்டும் அடங்கிவிடாத வடிவத்தைக் கவிஞர் தெரிந்தெடுத்தமை கவனிக்கத்தக்கது. 'தேரும் திங்களும்' என்ற கவிதை அளவிற் சிறியது. மனிதன் சந்திரனைத் தொட்டுத் திரும்பிய காலத்தில், கோயில் தேரின் வடத்தைத் தானும் பிடிக்க வந்த ஒருவன் பிறப்பின் பெயரால் தாக்கப்படுகிறான். தேர் நகராது நின்றுவிடுகிறது. கவிஞர் குரலை உயர்த்தவில்லை. ஊர்க்கதை சொல்வது போலவே சொல்லிச் செல்கிறார். அளவெட்டியிலிருந்து வடக்கே சில மைல் தொலைவிலுள்ள மாவிட்டபுரத்தில் அப்போது நிகழ்ந்துகொண்டிருந்ததை அறிந்த வாசகனுக்கு அந்த அமைதியே பெருங்கண்டனமாக ஒலித்திருக்கும். பிரசாரம் என்று ஒதுக்க முடியாத இக்கவிதை, சமூகப் பார்வையற்றது என்று ஒதுக்கவும் முடியாதது. இரு திறத்து விமரிசகர்க்கும் இது சங்கடந் தந்திருத்தல் கூடும்.

இவ்வகையில் அவருடைய 'கோடை' என்னும் பாநாடகம் தனியே நோக்கற்பாலது. 1970இல் நூலாக வெளிவந்து, அ. தாசீசியஸின் நெறியாள்கையில் மேடையேறிய இந்நாடகம் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து நாதசுரக் கலைஞர் ஒருவரின் குடும்பத்தை நடுவில் வைத்தது. மன்னரும் புராண வீரரும் செய்யுளிற் பேசிய தமிழ் நாடக மேடையில், ஒரு நாயனக்காரரின் வீட்டார் யாழ்ப்பாணப் பேச்சின் நெளிவு சுளிவுகளோடு செய்யுளிற் பேசினர். நாதசுரமும் தவிலும் தழைத்த ஓர் ஊரிற் பிறந்த கவிஞர் அல்லாது வேறெவர்க்கு இப்பொருள் எளிதில் வாய்த்திருக்கும்? வீதியில் நிறுத்தி வாசிக்கச் செய்யப்பட்டவரின் வீட்டு முற்றத்தைக் காவியத்துக்கு உரிய இடமாக்கியதே அந்நாடகத்தின் அரசியல் என்று கொள்ளலாம். அதனைத் தேடி வசனங்களுள் நுழைய வேண்டியதில்லை.

இனி 1960களின் போராட்டத்தை நோக்குவோம். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியும் பல கோயில்களும் தேநீர்க்கடைகளும் திறக்கப்பட்டில. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், அளவெட்டிக்கு அயலிலுள்ள சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் அதன் முன்னணியில் நின்றனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் தொடங்கியது. முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் வாயிலில் நின்று தடுத்தோருள் தலையாயவர். கணிதப் பேராசிரியராய் இருந்த ஒருவரைக் கல்வி அதனின்றும் விலக்கவில்லை என்பதை வரலாறு குறித்தே வைத்திருக்கிறது.

இப்போராட்டத்தின் கலைவடிவம் 'கந்தன் கருணை' ஆகும். என். கே. ரகுநாதன் எழுதியதைத் தழுவி, நெல்லியடியைச் சேர்ந்த அம்பலத்தாடிகள் குழுவினர், இளைய பத்மநாதனின் முயற்சியில், காத்தவராயன் கூத்து மெட்டுகளில் அமைத்து ஊர் ஊராக ஆடினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மல்கம் எக்ஸ் கொல்லப்பட்ட 1965இல், லீராய் ஜோன்ஸ் (பின்னர் அமீரி பராகா) ஹார்லெமில் கறுப்பினக் கலை அரங்கப் பள்ளியை நிறுவி, நாடகத்தையும் கவிதையையும் தெருவுக்குக் கொண்டு வந்தார். அப்பள்ளி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதிலிருந்து கிளைத்த கறுப்பினக் கலை இயக்கமோ ஒரு பத்தாண்டு அமெரிக்க இலக்கியத்தைக் கலக்கியது. அம்பலத்தாடிகள் ஹார்லெமைப் பார்த்துச் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. அவர்களுக்குச் சீனமே அண்மையில் இருந்தது. எனினும் மக்கள் முன்னமே அறிந்த பாட்டின் மெட்டிற் புதிய செய்தியை ஏற்றுதல் என்னும் உத்தியை இரு சாராரும் தத்தம் தேவையிலிருந்தே கண்டடைந்தனர்.

கூத்து இவ்வாறு படைக்கலமானபோது பறைக்கு நேர்ந்தது என்ன? சாவு வீட்டிற் பறை முழக்குதல் உள்ளிட்ட குடிமைத் தொழில்களைக் கைவிடுதல் சாதியெதிர்ப்பின் ஒரு கூறாயிற்று. தமிழ்நாட்டிலும் தென் ஆர்க்காட்டுப் பகுதியில் எல். இளையபெருமாள் முதலியோர் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை முன்னெடுத்தனர். ஸ்டோனோவின் அடிமைகள் முரசு முழக்கியவாறே விடுதலைக்காக உயிர் கொடுத்தனர். முழக்காதிருக்கும் உரிமையை இம்மக்கள் அடிவாங்கிக் கேட்டனர். இதில் முன்னதை மட்டும் கலையின் வெற்றி என்றும் பின்னதைக் கலையின் இழப்பு என்றும் கூறுவது எளிது. ஆயின் அவ்வாறு இரங்குவோர் பெரும்பாலும் பறையைச் சுமக்க வேண்டியிராதவர். ஒரு கலையைக் காப்பதற்காக ஒரு சாதியார் இழிவைச் சுமக்க வேண்டும் எனக் கேட்பது அறமாகாது. பறையைக் கீழே வைத்தவரின் செயல், ஆம்ஸ்ட்ரோங் பயணத்தைக் கைவிட்ட செயலினும் கடுமையானது. அவரிடம் எக்காளம் எஞ்சியிருந்தது.

1972ஆம் ஆண்டிற் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே. வி. பவார் முதலிய மராத்தி எழுத்தாளர், அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினர். கறுப்பினக் கலை, அரசியற் சிந்தனை இந்தியச் சாதியெதிர்ப்பை நேராகத் தொட்ட இடம் அதுவே. அதே ஆண்டில் ஈழத்தில் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் வெளிவந்தது. பம்பாயில் இயக்கத்தை எழுத்தாளர் தோற்றுவித்தனர். யாழ்ப்பாணத்தில் இயக்கத்தில் நின்றவரே எழுத்தாளரானார். 1986இல் டானியல் தஞ்சாவூரிற் காலமானார். தமிழகம் தலித் இலக்கியம் என்ற பெயரைப் பரவலாக வழங்கத் தொடங்கியது அதன் பின்னரேயாம். முன்னோடி யார் என்பதில் ஈழத்தவர் தன்னடக்கம் காட்ட வேண்டியதில்லை.

ஈழத்திலோ 1980களில் இனப்பிரச்சினை ஏனைய வினாக்களை மேவியது. மஹாகவியின் மகனும் 1960இல் அளவெட்டியிற் பிறந்தவருமான சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்' 1983இலும், அவரும் பிறரும் தொகுத்த 'மரணத்துள் வாழ்வோம்' 1985இலும் வெளிவந்தன. அரசியற் கவிதை என்றால் அரச ஒடுக்குமுறைக்கு எதிரான கவிதை என்ற பொருளே அதன்பின் நிலைபெற்றது. தந்தையின் தலைமுறை கேட்ட தேர்வட வினா தீர்ந்துவிட்டதனால் அன்று. கேட்பதற்கு ஏற்ற வேளை அதுவன்று என்று பலர் கருதியதனாலேயே அது பின்தள்ளப்பட்டது.

தமிழகத்தில் 1990களிலிருந்து பறை மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களே பறையை முழக்கினர். சாவு வீட்டிலன்றி மேடையிலும் பேரணியிலும் அது ஒலித்தது. விதிக்கப்பட்டதை மறுத்தவர்களின் பிள்ளைகளே அதனை விரும்பி எடுக்க முடியும். மறுப்பு நிகழாதிருந்தால் இம்மீட்பு இழிவின் தொடர்ச்சியாகவே இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இம்மாற்றம் அவ்வளவு விரிவாக நிகழவில்லை. அளவெட்டியின் தவிலோசைக்கு மதிப்பு வேறு வழியால் வந்தது. தட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் 2015இல் எடுத்த ஆவணப்படம் கலை, பண்பாட்டுப் பிரிவில் இந்திய தேசிய விருது பெற்றது. அவர் இறந்து நாற்பது ஆண்டுகளின் பின்னரும் ஒலிநாடாக்களில் அவர் விரல்கள் பேசுகின்றன. சொற்கட்டாக ஓதிப் பயிலப்பட்ட தவிற் கணக்கு குருவிடமிருந்து மாணவனுக்குச் சென்றது. பறையின் தாளங்களோ தந்தையின் கையைப் பார்த்து மகன் பழகியவை. 1960களில் பறைகள் கீழே வைக்கப்பட்டபோது அத்தாளங்களை ஒலிநாடாவிற் பதிந்துவைக்க வானொலி நிலையத்தாரோ இசை ஆய்வாளரோ முன்வந்தமை அரிது.